ஏகாதசிக்குள் ஒளித்த திதி

முள்ளியவளை,
ஆனி இரண்டாம் நாள், தேய்பிறை பஞ்சமி.

என் மகன் ரூபனின் ஒரே பிள்ளை நிருஷனுக்கு, அப்பப்பா ஐயாத்துரை சொல்லி எழுதுவிப்பது.

காலபோக நெல்லை வெட்ட ஆளில்லாமல் அது வயலிலேயே கொட்டி முளைத்த வருஷம். மாடுகளைக் கயிறு அவிழ்த்து விட்டுவிட்டு நாங்கள் கிழக்குப் பக்கமாய் நடந்த வருஷம். வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்க எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் போகாத வருஷம். உனக்கு முன்பல் ஆடத் தொடங்கியதும் அந்த வருஷம்தான். இலக்கத்தில் அதை எப்படி எழுதுவது என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அந்த வருஷத்து ஒரு நாளைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அதற்கு முதல் சுகம் விசாரிக்க வேண்டும். போன கிழமை தொலைபேசியில் உன் குரல் தடிமன் பிடித்த குரலாய் இருந்தது. கடைக் குசினியின் சூட்டில் நின்றுவிட்டு ஈரத் தலையோடு அந்த வெளிநாட்டுக் குளிருக்குள் இறங்காதே. இங்கே கிணறு அடிக்குப் போய்விட்டது, கத்தரிக்கு இரண்டு நாளைக்கு ஒருக்கால்தான் இறைக்கிறோம். எனக்கு நெஞ்சுக்குள் தண்ணீர் நிற்கிறதாம். ஆஸ்பத்திரியில் குளிசை தந்து உப்பை விடச் சொன்னார்கள். உப்பில்லாமல் மூன்று நேரமும் சாப்பிடுவது விரதத்திலும் பார்க்கக் கஷ்டம். உன் அம்மா கமலாசனி சுகம். வழமைபோல எட்டு மணி பஸ்ஸுக்கு முல்லைத்தீவுக்குப் போய், காணாமல் போனவர்களைக் கேட்டுத் தாய்மார் இருக்கும் பந்தலில் உன் அப்பாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டுப் பின்னேரம் வருகிறாள்.

அவள் போன பிறகுதான் நான் வெளிக்கிட்டேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு தண்ணீரூற்றுக்கு வந்தேன். ஓடுவதற்கல்ல, பிடித்துக்கொண்டு நடப்பதற்கு. எழுதுபவர் தையல்கடை மீராசாகிபு. சின்ன வயதில் உன் அப்பாவின் பள்ளிக்கூடக் காற்சட்டை எல்லாம் இவர் தைத்ததுதான். கந்தசஷ்டி முடிந்த கையோடு, வளர்பிறையில், முஸ்லிம் சனம் என்று இவர்களை உடுத்த உடுப்போடு எழுப்பி அனுப்பினார்கள். புத்தளத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். அதனால் நான் சொல்லப்போகும் நாளில் இவர் இங்கே இல்லை. யாருக்கும் சொல்லவும் மாட்டார். என் மூக்கு ஒழுகுகிறது என்று இப்போதே பகிடி பண்ணுகிறார். "அண்ணை, கடுதாசியில சிந்திப் போடாதேங்கோ, முத்திரைக்குப் பாரம் கூடப்போகுது" என்கிறார். இதையும் எழுதும் என்றேன், எழுதுகிறார்.

ஏன் கடிதம் என்று நீ யோசிப்பாய். வீட்டில் இருப்பது ஒரு தொலைபேசி. அது அம்மாவின் கையில். எனக்குக் காது மந்தம் என்று சத்தத்தைக் கூட்டி நடுமேசையில் வைத்துவிடுவாள். நீ என்னோடு தனியே கதைத்தது ஒரு நாளும் இல்லை. போன கிழமையும் அப்படித்தான். போன வருஷம் ஆடி அமாவாசைக்குக் கோயிலுக்குப் போனதாகவும், ஐயர் உன்னைப் பார்த்து, தகப்பன் இருக்கிறாரோ இல்லையோ என்று கேட்டதாகவும், வாய் வராமல் வரிசையை விட்டு விலகி வந்ததாகவும் சொன்னாய். இந்த வருஷம் விரதம் பிடிக்கவோ என்று கேட்டாய்.

தகப்பன் இல்லாதவன் ஆடி அமாவாசைக்குப் பிடிப்பான். தாய் இல்லாதவன் சித்திரைப் பறுவத்துக்கு, பௌர்ணமிக்குப் பிடிப்பான். இருக்கிற தகப்பனுக்கு யாரும் பிடிப்பதில்லை. இது உனக்கும் தெரியும், உன் அம்மாவுக்கும் தெரியும். அதனால்தான் அவள் அப்படிக் கத்தினாள். "உயிரோட இருக்கிற மனுசனுக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கப் போறியோ? நீ அவற்ற பிள்ளைதானோ?" என்றாள். நீ, "அப்பப்பாட்டக் குடுங்கோ" என்றாய். பிறகு என்னிடம், "அப்பப்பா, நான் பிடிக்கவோ, விடவோ?" என்று கேட்டாய்.

மேசைக்கு அந்தப் பக்கம் அம்மா. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். "பிள்ளை, இஞ்ச மழை வரும்போல கிடக்கு" என்றேன். நீ சிரித்தாய். கிழவனுக்குக் கேட்கவில்லை என்று நினைத்திருப்பாய். கேட்டது, பிள்ளை. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. வானத்தில் ஒரு முகில் இல்லை.

இப்போது பதில் சொல்கிறேன். குறுக்கே விழாமல் வாசி.

எங்கள் வீட்டில் ஒரே ஆளுக்கு இரண்டு விரதம் நடக்கிறது. ஒன்று உன் அம்மாவுடையது. ஐப்பசி அமாவாசையில் முடியும் கௌரி விரதம், இருபத்தொரு நாள், ஒரு நேரச் சாப்பாடு. புருஷனின் ஆயுளுக்குப் பெண்கள் பிடிப்பது. கடைசி நாள் கோயிலில் காப்பு நூல் வாங்கி, தனக்கு ஒன்று கட்டி, எனக்கு ஒன்று கட்டி, உன் அப்பாவுடையதை ஒரு பால்மாத் தகர ரின்னுக்குள் வைத்து அலுமாரியில் பூட்டுவாள். அவர் வந்ததும் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டவேண்டும் என்று சொல்வாள். பதினாறு நூல் கிடக்கிறது. முதல் வருஷம் முகாமில் கோயில் இல்லை, தன் சீலைக் கரையில் இழை உருவி முடிந்தாள். வருஷா வருஷம் நானும் என் கையை நீட்டுகிறேன். வேறு என்ன செய்ய?

மற்றது என்னுடையது. சித்திரை மாதத்து வளர்பிறை ஏகாதசி. முந்தி நான் மாதம் இரண்டு ஏகாதசியும் தவறாமல் பிடித்தவன். என் தாய் செத்த பிறகு அவளுடைய நேர்த்தியை நான் எடுத்தேன். பஞ்சாங்கம் வாசிக்கத் தெரியாது, வானத்தைப் பார்த்தே திதி சொல்லுவேன். வாக்கியமோ திருக்கணிதமோ என்று ஐயர்மார் பிடுங்குப்படும்போதும் சனம் என்னிடம்தான் வந்து கேட்கும். இந்தப் பதினாறு வருஷமாக மற்ற ஏகாதசி எல்லாம் விட்டுவிட்டேன். சித்திரையில் வருகிற இதை மட்டும் பிடிக்கிறேன்.

இந்த முறை அம்மா கேட்டாள். "மாமா, வருஷத்தில இருபத்திநாலு ஏகாதசி. நீங்கள் ஏன் இதை மட்டும் பிடிக்கிறியள்?" வயது போய்விட்டது, எல்லாம் பிடிக்க ஏலாது என்றேன். கையில் இருந்த அகப்பையோடு கனநேரம் என்னையே பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டதற்குப் பயப்படவில்லை, நிறுத்தியதற்குத்தான் பயந்தேன்.

அது உன் அப்பாவின் திதி, நிருஷன்.

நீயும் அம்மாவும் அப்போது எங்களோடு இல்லை. உன் காலில் காயம் பட்டு, காயக்காரரை ஏற்றும் கப்பலில் உங்கள் இருவரையும் அனுப்பியிருந்தோம். கரையில் நின்று உன் அப்பா கை காட்டியது உனக்கு நினைவிருக்குமோ தெரியாது. அதற்குப் பிறகு முள்ளிவாய்க்காலில் ஒரு பதுங்குகுழியில் நானும் அவனும் மட்டும். கஞ்சி கொடுக்கும் இடத்துக்கு நான் போகமாட்டேன், அவன் போய் இரண்டு பேருக்கும் வாங்கி வருவான்.

அன்றைக்குக் காலையில் கஞ்சிக் கோப்பையை நீட்டினான். நான் வேண்டாம் என்றேன். முதல் நாள் இரவு பிறையைப் பார்த்தேன், முதுகு பருத்திருந்தது, விடிந்தால் ஏகாதசி என்று எனக்குத் தெரியும். ஏகாதசிக்குத் தானியம் தொடமாட்டேன். "அப்பு, இஞ்ச முழுச் சனமும் ஏகாதசிதான். நீங்கள் மட்டும் என்ன விசேஷம்?" என்றான். எனக்குக் கோபம் வந்தது. உன் அப்பம்மா நேர்ந்த நேர்த்தி, சாகும்வரைக்கும் விடமாட்டேன் என்றேன். நானும் இரண்டு நாளாய் ஒன்றும் சரியாய்ச் சாப்பிடவில்லை. எழும்பினால் கண் இருட்டும். அதை அவன் கண்டுவிட்டான். "சரி, கஞ்சி வேண்டாம். சும்மா கிடவுங்கோ, ஓரிடத்தில இளநி கண்டனான், பிடுங்கிக்கொண்டு வாறன்" என்று போனான்.

போகாதே என்று நான் சொல்லவில்லை. அதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். சொல்லியிருக்கலாம். கோப்பையை வாங்கி ஒரு மிடறு குடித்திருந்தால் அவன் என் பக்கத்தில் இருந்திருப்பான். எனக்கு இளநீர் ஆசை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன்.

தென்னைகள் எல்லாம் தலை போய் நின்ற இடம். செல் குண்டு விழுந்த சத்தம் கேட்டது. அங்கே எல்லா நேரமும் கேட்கிற சத்தம், அதனால் நான் எழும்பவும் இல்லை. பிறகு ஆட்கள் வந்து சொன்னார்கள். நான் போனபோது அவன் குப்புறக் கிடந்தான். முகத்தில் ஒன்றும் இல்லை, எல்லாம் முதுகில். இளநீர் கையணைப்புக்குள் கிடந்தது. உடையவில்லை.

கிடந்த இடத்திலேயே குழி வெட்டினோம். நான்கு பேர் நின்றோம். ஒரு பெண் தான் மாற்றிக் கட்ட வைத்திருந்த ஒரே சீலையைத் தந்தாள், அதில் சுற்றினோம். தேவாரம் சொன்னவருக்கு இரண்டாம் அடி வரவில்லை, முதலடியையே மூன்று தரம் சொன்னார். பின்னேரம் நான் மயங்கி விழுந்தேனாம். அந்தப் பெண்தான் இளநீரை வெட்டி என் வாயில் ஊற்றினாள்.

குடித்தேன், நிருஷன். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். இளநீர் ஏகாதசியை முறிக்காது.

இந்த இடத்தில் மீராசாகிபு எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போனார். கிணற்றடியில் முகம் கழுவுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "பேனை மை விடுதில்லை, அண்ணை. வேற பேனை எடுத்தனான்" என்றார். அதே பேனைதான்.

இனி என் பொய்யைச் சொல்லுகிறேன். சண்டை முடிந்து எங்களை அடைத்த முகாமில் மூன்று மாதத்துக்குப் பிறகு உன் அம்மா என்னைத் தேடி வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவள், இடுப்பில் நீ, காலில் கட்டு. "எங்க மாமா இவர்?" என்றாள். அவனுக்கு என்ன நடந்தது என்று சொன்னால், ஏன் அங்கே போனான் என்று கேட்பாள். ஏன் போனான் என்று நான் எப்படிச் சொல்ல? "வட்டுவாகல் பாலம் வரைக்கும் ஒண்டாத்தான் வந்தனாங்கள். சனத்துக்குள்ள விலத்திப்போட்டம். பின்னால வருவான்" என்றேன். சனம் எல்லாம் ஆமியின் பக்கம் கடந்த பாலம் அது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு அவள் இன்னும் நாலு பேரிடம் அதைச் சொல்லிவிட்டாள்.

பிறகு விசாரணைக்கு வந்தவர்கள் எழுதினார்கள். கடைசியாகக் கண்டவர் மாமனார், கண்ட இடம் வட்டுவாகல் என்று வாசித்துக் காட்டினார்கள். பெருவிரலை நனைத்துத் தந்தார்கள், அழுத்தினேன். ஒருதரம் அல்ல, மூன்று தரம். கடைசி முறை ஒருவர் என்னைப் பார்த்து, "நல்ல ஞாபகசக்தி, ஐயா" என்றார். உன் அம்மா பந்தலில் பிடித்திருக்கிற படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறதோ அதெல்லாம் என் வாயிலிருந்து வந்தது.

இப்போது நான் அதை எடுத்துவிட ஏலாது. அந்தப் பந்தலில் இருக்கிற மற்றத் தாய்மார் தங்கள் கையால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஆமியிடம் கொடுத்தவர்கள். அது உண்மை, நானும் கண்டேன். ஒரு கிழவன் பொய் சொன்னான் என்று வெளியே வந்தால், அந்தப் பந்தல் முழுவதும் பொய் என்று சொல்ல ஒருவனுக்கு அது போதும். சொல்லாமல் விட்டால் உன் அம்மா ரின் நிறையும்வரைக்கும் நூல் சேர்ப்பாள். சொன்னால் அவளுக்கு மிஞ்சுவது என்ன? காலையில் எட்டு மணி பஸ்ஸுக்கு எதற்குப் போவாள்? இந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் திரும்பினாலும் என் முகம்தான் சுவரில் இடிக்கிறது.

இன்னொன்று. ஏகாதசிக்குச் சோறு சமைக்க ஏலாது. திதிக்குச் சோறு சமைத்துக் காகத்துக்கு வைக்காமல் ஏலாது. ஏகாதசி என்று சொல்லி ஒளித்ததால் அன்றைக்கு நான் அடுப்பு மூட்டியதில்லை. அடுத்த நாள் துவாதசிப் பாரணைக்கு அம்மா போடுகிற சோற்றில் முதல் பிடியை எடுத்துக்கொண்டு வேலிக்கரைக்குப் போவேன். காகத்துக்கு ஏன் மாமா, இன்றைக்கு என்ன என்று அவள் கேட்டதில்லை. இந்தப் பதினாறு வருஷமும் உன் அப்பாவுக்கு ஒரு நாள் பிந்தித்தான் சோறு கிடைத்தது. அன்றைக்கு உன் அப்பாவுக்கும் பசிதான் இருந்தது, பிள்ளை. எனக்கு நீட்டிய கோப்பையை அவன் வைத்துவிட்டுப் போனான், குடிக்கவில்லை.

ஆனபடியால் என் பதில் இது. பிடி. ஆடி அமாவாசை வருகிற மாதம் எட்டாம் நாள், வியாழக்கிழமை. ஐயர் கேட்டால் தகப்பன் இல்லை என்று சொல். பேர் கேட்டால் ஐயாத்துரை ரூபன். திதி கேட்டால் சித்திரை, வளர்பிறை ஏகாதசி. உங்கள் ஊர் ஆற்றில் இறங்க விடுவார்களோ தெரியாது, குழாய்த் தண்ணீர் என்றாலும் பரவாயில்லை. இங்கே அன்றைக்குச் சமைக்கிற காத்தோட்டிக்காய்க்கு அலையாதே, அது அங்கே கிடைக்காது. நல்ல சோறாய்ச் சமை. அன்றைக்கே, அந்த நேரத்துக்கே வை. என்னைப்போல் வேறு ஒரு விரதத்துக்குள் ஒளித்துப் பிடிக்காதே. ஒளித்துப் பிடிப்பவனுக்குப் பசியும் ஆறாது, பாவமும் ஆறாது.

அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடாதே. என்னைக் காப்பாற்றுவதற்காகக் கேட்கவில்லை. வீட்டில் தனியே நின்று அதைக் கேட்க அவளை விடாதே என்றுதான் கேட்கிறேன். அங்கே இருக்க உனக்கு விசாத் தாள் கிடைத்து நீ இங்கே வருகிற நாள் ஒன்று வரும். நான் மார்கழியைக் காண்பேனோ தெரியாது. அந்த நாளில் அவளுக்கு முன்னால் இருந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல். அப்பப்பாவின் விரதத்தால் நடந்தது என்பதையும் சேர்த்தே சொல். என்னைத் திட்டட்டும். என் படத்துக்கு மாலை போடாமல் விடட்டும். அவள் நெற்றியைப் பற்றி ஊரார் ஒரு சொல் சொல்ல நீ விடாதே. பொட்டு வைப்பதும் விடுவதும் அவளுடைய இஷ்டம்.

நீ நல்லாய் இருக்கவேண்டும். உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது உன்னிடம் கேட்கும் எதற்கும் மழை வருகிறது என்று சொல்லாத தகப்பனாய் நீ இருக்கவேண்டும். வற்றாப்பளை அம்மன் உன்னைப் பார்த்துக்கொள்வாள்.

இதை உன் கைக்குச் சேர்க்கும் ஆயுள் எனக்கு இருந்தது என்ற நிம்மதியோடு,
அப்பப்பா ஐயாத்துரை.

ஒரு பேரை மட்டும் எழுதுவிக்காமல் விட்டேன். மீராசாகிபுவுக்கும் தெரியவேண்டாம் என்று நினைத்தேன். எழுதத் தெரிந்திருந்தால் இந்த இடத்தை நானே எழுதியிருப்பேன். தெரியாது, அதனால் இதையும் அவரே எழுதுகிறார். நீ சொல்கிற நாளில் அம்மா உன்னை நம்பமாட்டாள். கிழவனுக்குப் புத்தி மாறிவிட்டது, நீ கடிதத்தைக் கேட்டு ஆடுகிறாய் என்பாள். அந்தக் குழியடியில் நின்ற ஒருவர் பக்கத்தில் இருந்து ஓம் என்று சொல்லவேண்டும். குழி வெட்டிய ஆண்டியப்பன் முகாமிலேயே காய்ச்சலில் போய்விட்டான். தேவாரம் சொன்ன தருமலிங்க வாத்தியார் போன மாசி மகத்துக்கு மறுநாள் செத்தார். நான் போனால் மிஞ்சுவது சீலை தந்தவர் மட்டும். தன் மகனைத் தானே கூட்டிக்கொண்டு போய்க் கொடுத்தவர். அவருக்கு எல்லாம் தெரியும். ஒருநாள் நான் கேட்டேன், ஏன் கமலாவிடம் சொல்லவில்லை என்று. "சொன்னால் அவா பந்தலுக்கு வரமாட்டா, அண்ணை. பிறகு எனக்குப் பக்கத்தில ஆர் இருப்பினம்?" என்றார். ஒவ்வொரு நாளும் உன் அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருக்கிறார். கொண்டுவருகிற தேத்தண்ணீரில் பாதியை அவளுக்கு ஊற்றிக் கொடுக்கிறார். இப்போது உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான், பிள்ளை: இரஞ்சிதம்.